ஒரு கதவும் ஒரு ஜன்னலும்

இரண்டு எரிவாயுக் கணப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பது. மற்றது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில், பெரியம்மா மகன் அண்ணனுடைய வீட்டில் இருப்பது. இரண்டும் மணிக்கு 30,000 பி.டி.யு. வாயுவை எரிப்பவை, கிலோவாட் கணக்கில் ஏறத்தாழ 8.8. இரண்டிலும் விறகைப் போலவே வார்த்த பீங்கான் கட்டைகள், அவற்றின் இடுக்குகளில் மஞ்சள் தீ. இரண்டையும் படம் பிடித்துப் பெரியம்மாவிடம் காட்டினால், எது யார் வீட்டுடையது என்று அவரால் சொல்ல முடியாது.

வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். எங்கள் வெளிச்சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கம்பிவலை போட்ட ஒரு சதுரக் கூண்டு துருத்திக்கொண்டிருக்கும். ஜனவரி மாதக் காலையில் அதிலிருந்து வெள்ளை ஆவி சுருள் சுருளாகக் கிளம்பும். அண்ணன் வீட்டு வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் அப்படி ஒன்று தென்படாது. எங்களுடையது 'டைரக்ட் வென்ட்' வகை. எரிந்த காற்று முழுவதையும் குழாய் வழியே வெளியே அனுப்பிவிடுவது. அவருடையது 'வென்ட் ஃப்ரீ' வகை; எரிந்த காற்று முழுவதையும் அறைக்குள்ளேயே விடுவது. கனடாவின் எரிவாயு விதித்தொகுப்பு இந்த இரண்டாம் வகையை வீடுகளுக்குள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ஏற்கின்றன, கலிபோர்னியா ஏற்பதில்லை. ஒரே குளிர், ஒரே வாயு, எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு சட்டங்கள்.

ஒன்று பாதுகாப்பானது, மற்றது ஆபத்தானது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற இரண்டு குளிர்காலங்களில் அண்ணன் வீட்டில் ஒரு கதவும் எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலும் புதிதாக வந்தன. அதன் பிறகுதான் இவை இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது புரிந்தது.

முதலில் காற்றின் வழியைப் பார்ப்போம். எங்கள் கணப்பின் குழாய், குழாய்க்குள் குழாய். உள்ளே நான்கு அங்குலக் குழாய். அதைச் சூழ்ந்து ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேலான இன்னொன்று. எரிந்த சூடான காற்று உள்குழாய் வழியே வெளியே போகிறது. அதே நேரத்தில் வெளிக்காற்று இரு குழாய்களுக்கும் இடைப்பட்ட வளையத்தின் வழியே உள்ளே வருகிறது. போகும் காற்று வரும் காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. வரும் காற்று வெளிக்குழாயைக் குளிர வைத்துக்கொண்டே வருகிறது. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்துக்கும் இந்தக் குழாய்க்கும் பக்கவாட்டிலும் கீழும் ஓர் அங்குல இடைவெளி போதும் என்று கையேடுகள் பெரும்பாலும் சொல்வது இதனால்தான். குழாய் கிடைமட்டமாகப் போகும் இடத்தில் மேற்புறம் மட்டும் மூன்று அங்குலம் கேட்பார்கள், சூடு மேல்நோக்கிப் போவதால்.

அண்ணன் வீட்டில் குழாய் இல்லை என்பதால் வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே அறைதான் வழி. தீக்கு வேண்டிய காற்று அறையின் தரையை ஒட்டி வருகிறது, எரிந்த காற்று கூரையை ஒட்டிப் பரவுகிறது, கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் மெல்லக் கலந்து கரைகிறது. வரவும் போக்கும் ஒரே பாதையில் நடப்பது இரண்டுக்கும் பொது. எங்கள் வீட்டில் அவற்றைப் பிரிப்பது ஒரு மெல்லிய தகடு. அண்ணன் வீட்டில் பிரிக்கும் தகடு இல்லாததால், கலந்தாலும் கெடாத அளவுக்கு இடம் வேண்டும்.

எவ்வளவு இடம்? அமெரிக்க விதி ஒரு கன அடிக்கு 20 பி.டி.யு.வுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 30,000 பி.டி.யு.வுக்கு 1,500 கன அடி. எட்டடி உயர அறையென்றால் பதினான்கடிக்குப் பதினான்கடியை நெருங்கும் ஒரு கூடம். படுக்கையறையில் 10,000 பி.டி.யு.வுக்கு மேலும் குளியலறையில் 6,000 பி.டி.யு.வுக்கு மேலும் இந்த வகை கூடாது என்பதும் அதே விதித்தொகுப்பில் உள்ளது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இயற்கை எரிவாயுவின் ஒரு கன அடி ஏறத்தாழ 1,000 பி.டி.யு. தரும், அது எரிய இரண்டு கன அடி ஆக்சிஜன் வேண்டும். ஆக, எங்கள் கணப்பும் அண்ணனுடைய கணப்பும் மணிக்கு 60 கன அடி ஆக்சிஜனை உண்கின்றன. நிமிடத்துக்கு ஒரு கன அடி. 1,500 கன அடி அறை முற்றிலும் காற்றுப் புகாதது என்று வைத்துக்கொண்டால், 20.9 சதவீத ஆக்சிஜன் 18 சதவீதமாகக் குறைய முக்கால் மணி நேரம் ஆகும். எங்கள் கணப்பின் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள எரிபெட்டி சுமார் நான்கு கன அடி. அதன் குழாயை அடைத்துவிட்டால் இதே வீழ்ச்சிக்கு ஏழு விநாடி போதும்.

ஏழு விநாடி என்பதைப் பார்த்ததும் முதலில் திடுக்கிட்டேன். பிறகுதான் அதன் நன்மை விளங்கியது. பெட்டி சிறியது என்பதால் அதற்குள் காற்று கெட்டால் தீ உடனே தள்ளாடுகிறது, பர்னரை விட்டு மிதக்கிறது, அணைகிறது. அணைந்ததை உணர்ந்து வால்வு வாயுவை நிறுத்துகிறது. அறை நிறைய மனிதர்கள் உட்கார்ந்திருக்க, கெடுதல் கண்ணாடிக்குப் பின்னாலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டிலோ கெடுதல் மெல்ல வரும், அந்தத் தாமதமே காப்பு. பெரிய அறை காலம் தருகிறது. ஓரிடத்தில் சிறுமை காக்கிறது, இன்னோரிடத்தில் பெருமை காக்கிறது. இரண்டும் தீயைப் பெட்டிக்குள் வைத்து எரிப்பவைதான். அண்ணன் வீட்டில் அந்தப் பெட்டிக்குள் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

இந்தக் காட்சி தமிழுக்குப் புதியதில்லை. நெடுநல்வாடையில் கூதிர்க்காலத்து மூதூர் வருகிறது. மேல்மாடத்துக் கதவங்களைத் தாழிட்டுவிட்டு மக்கள் 'தடவு' என்னும் கணப்புச் சட்டியின் நெருப்பை நாடுகிறார்கள். மூடிய கதவும் திறந்த நெருப்பும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அக்கால மாடங்களில் இடுக்குகளுக்குக் குறைவிருந்திருக்காது. இன்றைய விடுதி அறைகள் அப்படி இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் போட்டுக் குளித்தவர்களைப் பற்றியும் படித்திருக்கிறோம். தடவின் வழித்தோன்றல் அண்ணனுடைய கணப்பு. ஆனால் தடவுக்கு இல்லாத ஒரு காவலாளி அதற்கு உண்டு.

அந்தக் காவலாளியைக் குனிந்து பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். கட்டைகளுக்குக் கீழே, ஓரமாக, சுண்டுவிரல் நுனி அளவில் 'பைலட்' என்னும் நீலச் சுடர் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் எதிரே தெர்மோகப்பிள் என்ற உலோக முனை. சுடர் அந்த முனையை நக்கிக்கொண்டிருக்கும்வரை முனை சூடாக இருக்கும். அந்தச் சூட்டிலிருந்து பிறக்கும் மிகச் சிறிய மின்சாரம் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, சுடர் தனக்குக் காற்றைத் தேடி மேலே எழும்பும். எழும்பினால் முனையை விட்டு விலகும். முனை குளிரும், மின்சாரம் நிற்கும், வால்வு மூடும். 18 சதவீதத்துக்குக் கீழே ஆக்சிஜன் போவதற்கு முன் இது நடந்தாக வேண்டும் என்பது தரவிதி. இதற்கு மின்னணுவும் பேட்டரியும் தேவையில்லை. தீயே தன் மூச்சுத் திணறலைச் சொல்லிவிடுகிறது. எங்கள் எரிபெட்டியில் காற்றுக் கெட்டால் நடப்பதும் இதே சுடர் எழும்பல்தான். அங்கே அது கோளாறின் அறிகுறி, இங்கே அது கருவியின் உறுப்பு.

இனி கதவுக்கு வருகிறேன். அண்ணன் வீட்டு முன்னறை 14 அடிக்கு 12 அடி, உயரம் எட்டு. 1,344 கன அடி. தனியாக எடுத்தால் 30,000 பி.டி.யு.வுக்குப் போதாது. ஆனால் அதையொட்டிய சாப்பாட்டு அறைக்குக் கதவில்லாத வளைவு வழியே போக வேண்டும். கதவில்லாத திறப்பால் இணைந்த அறைகளை ஒன்றாகவே கணக்கிடலாம் என்று விதி சொல்கிறது. சாப்பாட்டு அறையின் 960 கன அடியையும் சேர்த்தால் 2,304. நிறுவியவர் அந்த வளைவைப் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். பிறகு அண்ணனுக்குப் பேரக்குழந்தை பிறந்தது. குழந்தை தவழ்ந்து சமையலறைப் பக்கம் போகாமலிருக்க, வளைவில் ஒரு கதவைப் பொருத்தினார். அன்றைக்கே அந்த அறை விதியின் கண்ணுக்கு 960 கன அடி சுருங்கிவிட்டது. சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கடுங்குளிரில் கணப்பு நிற்காமல் எரிந்த இரவுகளில் அது தானாக அணையத் தொடங்கியது. "பைலட்ல தூசி அடைச்சிருக்கு போல, நாலு தடவை ஊதித் துடைச்சிட்டேன்" என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். தூசியும் காரணமாக இருக்கக்கூடியதுதான். பைலட்டின் காற்றுத் துளை மிகச் சிறியது. நூல் பஞ்சோ செல்லப்பிராணியின் முடியோ புகுந்தால் நல்ல காற்றிலும் சுடர் தடுமாறும். மெழுகுவர்த்தியும் வாசனைத் தெளிப்பானும் இவ்வகைக் கணப்புக்கு அருகில் வேண்டாம் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. நம் வீடுகளில் அந்த வரியை ஊதுபத்திக்கும் சாம்பிராணிக்கும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் அண்ணன் வீட்டில் காவலாளி பழுதாகவில்லை. தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டு ஜன்னலின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் பேஸ்மென்டை வாடகைக்கு விடுவது வழக்கம். படுக்கையறை என்றால் தீ நேரத்தில் ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் வேண்டும். ஒன்டாரியோ கட்டட விதிப்படி குறைந்தது 0.35 சதுர மீட்டர் திறப்பு. நாங்களும் ஒரு கட்டுமானக்காரரை அழைத்து அப்படி ஒரு ஜன்னலை வெட்டினோம். நல்ல வெளிச்சம் வந்தது. மேலே முன்னறையில் இருக்கும் கணப்பை அப்போது யாரும் நினைக்கவில்லை, நானும்தான். ஆண்டுப் பராமரிப்புக்கு வந்த டெக்னீஷியன் வெளியே போய் நின்று, கூண்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார். கூண்டின் கீழ் விளிம்பிலிருந்து ஜன்னலின் மேல் விளிம்புவரை 10 அங்குலம்.

கனடிய விதிப்படி, 10,000 பி.டி.யு.வுக்கு மேல் 1,00,000 வரை எரிக்கும் கருவியின் புகைமுனை, திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்து 12 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். அமெரிக்க விதியில் 10,000 முதல் 50,000 வரையிலான டைரக்ட் வென்டுக்கு 9 அங்குலம். அந்த 10 அங்குலம் அண்ணன் ஊரில் தேறியிருக்கும், எங்கள் ஊரில் தேறவில்லை. அவருடைய கணப்போ எங்கள் ஊரில் வாசல்படிகூட ஏற முடியாது. இயற்கை இரு நாட்டிலும் ஒன்றுதான். எவ்வளவு ஐயத்தை விலை கொடுத்து வாங்குவது என்பதில்தான் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. எனக்குக் கனடாவின் மூன்று அங்குல ஐயம் பிடித்திருக்கிறது. சூடான புகை மேலே போகும், ஜன்னல் கீழேதானே இருக்கிறது என்று அந்த டெக்னீஷியனிடம் வாதாடிப் பார்த்தேன். ஏரிக்காற்று சுவரில் மோதிக் கீழே இறங்கும் நாட்களை அவர் நினைவூட்டினார்.

ஜன்னலைத் திறக்க முடியாததாக மாற்றினால் விதி தளரும். ஆனால் திறக்க முடியாத ஜன்னல் ஆள் வெளியேறும் வழியாகாது. ஒரு பாதுகாப்பு விதி இன்னொன்றின் காலை மிதித்துக்கொண்டு நின்றது. கடைசியில் குழாயைத்தான் நகர்த்தினோம்.

கதவையும் ஜன்னலையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. இரண்டு கணப்புகளும் நிறுவிய நாளில் சரியாகவே இருந்தன. இரண்டையும் யாரும் தொடவில்லை. வீடுதான் மாறியது. வென்ட் ஃப்ரீ கணப்புக்கு உள்சுவர்கள் ஓர் உறுப்பு; டைரக்ட் வென்டுக்கு வெளிச்சுவர் ஓர் உறுப்பு. அதனால் முதலாவதை உள்ளே நடக்கும் மாற்றங்கள் கெடுக்கும்: கதவு, தடுப்புச்சுவர், இடுக்குகளை அடைக்கும் புது ஜன்னல். அறைக்குள் மணிக்கு 0.4 தடவையாவது காற்று மாறாத வீடுகளில் மேலே சொன்ன கன அடிக் கணக்கே செல்லாது என்பதை அமெரிக்க விதியும் சொல்கிறது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இடுக்கடைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவதை வெளியே நடக்கும் மாற்றங்கள் கெடுக்கும்: ஜன்னல், மரத்தில் கட்டிய தளம், வளர்ந்துவிட்ட புதர், கூண்டை மூடும் பனிக்குவியல்.

காவலாளிகளிலும் இதே எதிர்ச்சமநிலை உண்டு. இரண்டுக்கும் ஆளுக்கொரு குருட்டுப்புள்ளி. எங்கள் எரிபெட்டி தன் காற்றுக் கெட்டால் அணைந்துவிடும். ஆனால் வெளியே போன புகை ஜன்னல் வழியே திரும்பி வந்தால் அதற்குத் தெரியாது. தீ நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். அண்ணனுடைய பைலட் சுடர் ஆக்சிஜன் குறைவதை அறியும். ஆனால் கார்பன் மோனாக்சைடை அறியாது. ஒரு கட்டை இடம் மாறி, தீ அதன்மேல் நேராக மோதி, அரைகுறையாக எரியத் தொடங்கினால், ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே நச்சு உருவாகலாம். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும் வாயு அது. மணமில்லை, நிறமில்லை.

புகைக்குழாய் இருந்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரத்தைச் சொல்ல வேண்டும். 2008 டிசம்பரில் அங்கே ஒரு காவல்துறை அதிகாரியும் கணவரும் இரு குழந்தைகளும் தங்கள் வீட்டில் பரவிய கார்பன் மோனாக்சைடால் இறந்து போனார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. குழாய் இல்லாத கணப்பைத் தடை செய்த நாட்டில், குழாய் உள்ள கணப்பால் ஒரு குடும்பம் போயிற்று. அவர்களுடைய உறவினர்களின் பல ஆண்டு முயற்சியில் 2013-இல், குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வந்தது. 2014 அக்டோபர் முதல் ஒன்டாரியோவில் எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

அந்த அலாரம் இரண்டு கணப்புக்கும் பொதுவான மூன்றாம் காவலாளி. அது எப்போது கூவும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வட அமெரிக்கத் தரப்படி, பத்து லட்சத்தில் 400 பங்கு நச்சு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கூவ வேண்டும். 70 பங்கு என்றால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள். குறைந்த அளவுக்கு அது அவசரப்படுவதில்லை. ஆகவே அலாரம் மௌனமாக இருப்பதை வைத்து காற்று தூய்மையாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. தலைவலியோடு எழும் காலையில் வெளியே போனதும் வலி விலகினால், அந்த உடம்புதான் முதல் அலாரம்.

இனி கணப்பின் முன்பக்கம். நாற்காலி, திரை, உலரப் போட்ட துணி எதுவும் மூன்றடிக்குள் வரக் கூடாது என்பது இரண்டு கையேட்டிலும் ஒன்றுபோல உள்ளது. மேலே போகும்போது பிரிகின்றன. எங்கள் கணப்பின் சூட்டில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அண்ணனுடையதில் கிட்டத்தட்ட எல்லாமே அறைக்குள். அதனால் அவருடைய கணப்புக்கு மேலே மரப்பலகை வைக்க, பொதுவாக, இன்னும் அதிக உயரம் வேண்டும். கையேட்டில் அதற்கு ஒரு படம் இருக்கும். பார்த்தால் மாடிப்படி போலவே இருக்கும். பலகை எவ்வளவு முன்னே நீள்கிறதோ அவ்வளவு படி மேலே ஏற வேண்டும். மரம் பற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பார்கள், ஆனால் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டுக் காய்ந்த மரம் அதற்குக் கீழேயே பற்றக்கூடும். அண்ணனின் பலகையில் சாமி படமும் பிளாஸ்டிக் மாலையும் இருந்தன. மாலையின் கீழ்ப்பூக்கள் மூன்று, மெழுகு உருகியதுபோல ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

எங்களுடைய ஆபத்து மேலே இல்லை, முன்னே. மூடிய கண்ணாடி தொட முடியாத சூடாகும். 250 டிகிரியையும் எட்டலாம். குழந்தைகளின் உள்ளங்கைகள் வெந்துபோன பிறகுதான், 2015 ஜனவரி முதல் தயாராகும் கணப்புகளில் கண்ணாடிக்கு முன் பாதுகாப்பு வலை கட்டாயமாயிற்று. தீ தெளிவாகத் தெரியவில்லை என்று அந்த வலையைக் கழற்றி நிலவறையில் போட்டுவைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அதை இன்றைக்கே எடுத்து மாட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர்க் கணக்கும் ஒன்றுதான். எரிவாயு எரியும்போது நீராவி பிறக்கும், 30,000 பி.டி.யு.வுக்கு மணிக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர். எங்கள் வெளிச்சுவரில் ஜனவரிக் காலையில் சுருளும் வெள்ளை ஆவி அதுதான். அண்ணன் வீட்டில் அதே செம்புத் தண்ணீர் அறைக்குள் இறங்குகிறது. ஒரு மாலை முழுக்க எரிந்தால் ஒரு குடம். வறண்ட குளிர்காலத்தில் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று அண்ணி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் அடியில் கருப்பாகப் படரும் பூஞ்சையும் உண்மைதான்.

சமையலறைப் புகைவிசிறி இன்னொரு விநோதம். மீன் குழம்பு வாசனை போக அண்ணி அதை முழு வேகத்தில் போட்டால், வீட்டுக்குள் வெளிக்காற்று இழுபடும். வென்ட் ஃப்ரீ கணப்புக்கு அது உதவி. எங்கள் வீட்டில் போட்டால் மூடிய எரிபெட்டிக்கு எதுவும் ஆகாது, கண்ணாடியைச் சுற்றிய விளிம்புப் பட்டை கெடாதவரை. செங்கல் புகைபோக்கிக்குள் திறந்த தீயாக எரியும் பழைய வகையிலோ, அதே விசிறி புகையை அறைக்குள் இழுத்துவிடும். புகைபோக்கியை நம்பி எரியும் அந்தக் கட்டைத் தொகுப்பும், புகைபோக்கி வேண்டாத தொகுப்பும் கடையில் பார்த்தால் இரட்டையர் மாதிரி இருக்கும். முதலாவதை எரிக்கும்போது புகைபோக்கியின் மூடி முழுவதும் திறந்திருக்க வேண்டும். தற்செயலாகக்கூட மூட முடியாதபடி அதில் ஒரு கவ்வியை மாட்டுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மன்னிப்பில்லை.

ஒன்றில் இரண்டும் மனதாரப் பாராட்டத் தக்கவை. 2013 டிசம்பரில் உறைபனி மழையால் டொரண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டபோது, வீடு முழுவதையும் சூடாக்கும் பெரிய ஃபர்னஸ்கள் மின்விசிறி இல்லாமல் நின்றுபோயின. பைலட் சுடரின் சிறு மின்சாரத்தில் திறக்கும் கணப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தச் சுண்டுவிரல் சுடர் இரண்டு வகைக்கும் பொது. ஆனால் வென்ட் ஃப்ரீயைத் துணைச் சூடாக்கியாகவே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. இரவு பகலாக எரிய வேண்டிய அப்படிப்பட்ட நாளில் நான் எங்கள் வீட்டுக் கணப்பையே நம்புவேன். என் தேர்வு எது என்று கேட்டால் குழாய் உள்ளதுதான். அந்தத் தேர்வு பனிக்காலம் முழுக்க வெளியே போய்க் கூண்டைப் பார்க்கும் வேலையையும் சேர்த்தே தருகிறது.

அண்ணன் கதவைக் கழற்றவில்லை. விதி அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: இரு அறைகளுக்கும் நடுச்சுவரில் நிரந்தரத் திறப்புகள் இரண்டு, ஒன்று கூரையிலிருந்து 12 அங்குலத்துக்குள், மற்றது தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள், ஒவ்வொன்றும் குறைந்தது 100 சதுர அங்குலம். அப்படி இரண்டு கிரில்களைப் போட்டார். இந்த டிசம்பரில் போனபோது பேரப்பிள்ளை ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து கீழ்க் கிரில் முன்னால் பிடித்தான். தாள் முன்னறைப் பக்கம் மெல்ல வளைந்தது. அவனைத் தூக்கி மேல் கிரிலுக்குக் காட்டினேன். அங்கே அது சாப்பாட்டு அறைப் பக்கம் வளைந்தது. குழாய்க்குள் குழாயாக எங்கள் சுவரில் நடக்கும் அதே வரவும் போக்கும் அங்கே ஒரு தாளில் தெரிந்தது. அவன் "இன்னொரு தடவை" என்றான்.